வகுப்பறையில் கேட்கிறதா என்று யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளிப் பிள்ளைகளின் காதுகளைப் பரிசோதிப்பதாகச் சொல்கிறார்கள். நடப்பது இவ்வளவுதான்: சத்தமில்லாத ஓர் இடத்தில் ஒலி எழுப்பிப் பார்ப்பார்கள், பிள்ளைக்கு அது எட்டினால் அட்டையில் 'நார்மல்' என்று எழுதுவார்கள். அதே பிள்ளை வகுப்பில் 'பத்து' என்றால் 'பட்டு' என்று எழுதும். "புத்தகத்தை எடு, முப்பதாம் பக்கம் திருப்பு, இரண்டாவது கணக்கைப் போடு" என்றால் புத்தகத்தை எடுத்துவிட்டு விழிக்கும். காது சரியென்று அட்டையே சொல்லிவிட்டதால் அந்தப் பிள்ளைக்கு 'மந்தம்', 'கவனமில்லை' என்ற பட்டங்கள் நிலைத்துவிடுகின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் இந்த அரைகுறைப் பரிசோதனையை எதிர்க்கிறேன்.

ஒலியை வாங்குவது காதின் வேலை. அதில் டீச்சரின் குரல் எது, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எது, மின்விசிறியின் இரைச்சல் எது என்று பிரித்துப் பொருள் கொள்வது மூளையின் வேலை. இந்த இரண்டாவது வேலையில் தடுமாறும் பிள்ளைகள் வழக்கமான செவித்திறன் சோதனையில் தேறிவிடுவார்கள். இவர்களைக் கண்டறிய வேறு சோதனைகள் உண்டு. இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். இரைச்சலுக்கு நடுவே சொற்களை அடையாளம் காணச் சொல்வார்கள். ஏழு வயதுக்குப் பிறகு இவற்றின் முடிவுகளைப் பெரும்பாலும் நம்பலாம். இதற்கு முதற்படியாக ஆசிரியர்களே நிரப்பக்கூடிய 12 கேள்விகள் கொண்ட பட்டியலை மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனாலும் அந்தப் பட்டியல் என் போன்ற ஆசிரியர்களின் கைக்கு வந்து சேரவில்லை.

வகுப்பறையில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பின்னணி இரைச்சல் 35 டெசிபல். ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கும் ஈராசிரியர் பள்ளியிலும், ஜன்னலை ஒட்டிப் பேருந்து போகும் பள்ளியிலும் அந்த அளவுக்கு வழியே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது சிரமம். ஒலியைப் பிரித்தறியத் திணறும் பிள்ளைக்கோ பாடமே போய்விடுகிறது.

கேட்டலோடு மற்றப் புலன்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை, சீருடையின் கழுத்துப்பட்டை உறுத்துகிறது என்று பிய்த்தெடுக்கும் பிள்ளை, ஒரு நிமிடம்கூட அசையாமல் உட்கார முடியாத பிள்ளை எல்லாரையும் 'அடம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நாளெல்லாம் திட்டு வாங்கும் பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிப்பதிலும் பள்ளியே வெறுத்துப்போவதிலும் வியப்பென்ன? புலன் சிக்கலைத் தனி நோயாகப் பெயரிடுவதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012-இல் அப்படிப் பெயரிட வேண்டாம் என்றே சொன்னது. அதனால்தான் முறையான மதிப்பீடு இன்னும் அவசியமாகிறது. அரசு பார்க்காமல் விடும் பிள்ளைகளின் பெற்றோரிடம், 'கேட்டல் பயிற்சி' என்று ஹெட்போனை மாட்டிவிட்டுத் தனியார் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள்.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆவது பிரிவு, பாதிப்பு வாய்ப்புள்ளவர்களைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. 2013-இல் தொடங்கிய, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (ஆர்.பி.எஸ்.கே.) திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் செவித்திறன் குறைபாடும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கு வரும் நடமாடும் குழுவின் அமைப்பில் மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமே உண்டு. கேட்பியல் வல்லுநருக்கு இடமில்லை. அவர் இருப்பது மாவட்டத் தலைநகரின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில். 'நார்மல்' என்று எழுதப்பட்ட பிள்ளையை அங்கே யார் அனுப்புவார்கள்?

பள்ளிக்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டல், புலன் குறித்த வினாப்பட்டியலைத் தமிழில் நிரப்பச் செய்து, அதன் அடிப்படையில் மாவட்ட மையத்துக்கு அனுப்பும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்குத் தர வேண்டும். வட்டார வள மையந்தோறும் கேட்பியல் வல்லுநரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் மாதம் ஒருமுறையாவது வர வேண்டும். புதிய வகுப்பறை கட்டும்போது இரைச்சல் அளவையும் விதியாக்க வேண்டும்.

அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. திணறும் பிள்ளையை ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி முன்வரிசையில் உட்கார வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லலாம். சொன்னதைக் கரும்பலகையிலும் எழுதலாம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு இது தேவை என்று கண்டறிந்து சொல்வது அரசின் கடமை. அந்தக் கடமையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.