ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். அவர்கள் காலத்தில் நாளேடு கிடையாது. இருந்திருந்தால் இன்னும் காரமாகச் சொல்லியிருப்பார்கள்.

பத்திரிகைகளில் வந்த பழைய தலைப்புகள் எல்லாம் அப்படியே பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேடிக்கையான கேள்விதான். வித்துரா டீக்கடைகளில் பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கும் நம் தோழர்கள் சற்றே சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் கணக்குப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. 1948 நவம்பர் 3 அன்று ‘சிக்காகோ டிரிபியூன்’ ஏடு, ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை ட்யூயி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தவர் ட்ரூமன்! அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், வாக்கு எண்ணி முடியும் முன்பே ஏட்டை அச்சுக்கு அனுப்பவேண்டி வந்ததாம். தொழிலாளி கையை மடக்கினால் எவ்வளவு பெரிய ஏடும் தடுமாறும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் தலைப்பு பலித்திருந்தால் ட்ரூமன் மூட்டை கட்டிக்கொண்டு மிசௌரிக்குப் போய், 1922இல் நொடித்துப்போன தம் துணிக்கடையை மறுபடி திறந்திருப்பார். 1951இல் அவர் பதவியிலிருந்து நீக்கிய தளபதி மெக்கார்தர், அதிகாரம் குறையாமல் அந்தக் கடைக்கே வந்து சட்டைக்குத் தள்ளுபடி கேட்டிருப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1979 மார்ச் 22. பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் எழுந்து, ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று அறிவித்தார். வானொலி அதை நாடெங்கும் பரப்பியது. சபை ஒத்திவைக்கப்பட்டது. ஜெ.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவர் மறைந்தது அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்றுதான். அறிவிப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால்? இறந்தவருக்கு அரிசி இல்லை என்று ரேஷன் கடையில் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டு வில்லேஜ் ஆபீசில் மனுக் கொடுத்தால், இறந்த தேதியைக் குறிப்பிடவில்லை என்று மனு திரும்பியிருக்கும். பென்ஷனுக்காக ஆண்டுதோறும் தாம் சாகவில்லை என்று நிரூபிக்கப் போகும் நம் கிழவிகள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் வானத்திலிருந்து ஸ்கைலாப் விழப்போகிறது, இந்தியாவிலும் விழக்கூடும் என்று செய்தி வந்து ஊர்கள் நடுங்கின. அது இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறியது. பொது இடத்தில் குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

பொன்முடியில் விழுந்திருந்தால்? மரத்தை முறித்ததாக வனத்துறை வழக்குப் போட்டிருக்கும். விழுந்த இடம் புறம்போக்கா குத்தகையா என்று சர்வே நடந்திருக்கும். அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைந்ததாக நிர்வாகம் புகார் செய்திருக்கும். இறக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றதற்கு நோக்குக்கூலி கேட்டு ஒரு கோஷ்டி வந்திருக்கும். அந்தக் கூலியை அரசு ஒழித்தது 2018இல்தானே! எல்லோரும் போனபின், மிச்சம் கிடந்த ஒரு தகட்டை எடுத்து, ஒழுகும் லயத்துக் கூரைமேல் வைத்துக் கட்டியிருப்பான் நம் ஆள். விண்வெளி விஞ்ஞானத்தால் தோட்டத் தொழிலாளி அடைந்த பலன் அது ஒன்றாகவே இருந்திருக்கும்.

சிரிப்பு போதும், தோழர்களே. ட்ரூமன் தோற்றார் என்ற பொய் மறுநாளே செத்தது. ஜெ.பி. இறந்தார் என்ற பொய் அன்றே செத்தது. பெரிய இடத்துப் பொய்க்கு ஆயுள் குறைவு; உடனே மறுப்பு வந்துவிடும். ஏழை பற்றிய தலைப்புக்கு மறுப்பு போடுவது யார்?

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சிக்கல் தீர்ந்தது என்று இரு தலைநகரங்களும் மகிழ்ந்தன. தீர்ந்திருந்தால் 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் அந்த மீதிப் பேரை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டிருக்க வேண்டாம். 2003இல் இலங்கை மறுபடி ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியிருக்க வேண்டாம். தீர்ந்தது என்பது தீர 39 ஆண்டுகள்! கப்பலேறி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக 1976இல் புனலூரில் தொடங்கியதுதான் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம். வித்துராவுக்கு வடக்கே, குளத்துப்புழையில் அதன் ரப்பர் மரங்களைப் பார்க்கலாம்.

இங்கே நம் தலைக்கு மேலேயே இருக்கிறது போனக்காடு. அகத்தியர் மலை ஏறுவோர் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். பின்னாளில் முடங்கியது, சம்பளமும் கிராஜுவிட்டியும் ஆண்டுக்கணக்கில் பாக்கி விழுந்தது. அவர்கள் துயரம் பத்திரிகையில் வராமலில்லை. ஆனால் ஊரைப் பிரபலமாக்கியது, பழைய பங்களாவில் பேய் நடமாடுகிறது என்ற கதைதான். பேயைத் தேடி மலையேறிய கூட்டம் பாக்கிச் சம்பளத்தைத் தேடி ஏறவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் தர முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. பேயைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இருந்தும் பங்களா கிடைத்தது பேய்க்கு!

நம்மைப் பற்றிய தலைப்புகளைக் கூர்ந்து பாருங்கள். ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்படும், திறக்கப்படும், வழங்கப்படும். தோற்றார் என்பதை மறுநாளே பொய்யென்று காட்டலாம். ‘படும்’ என்பதைப் பொய்யென்று காட்ட எந்த நாளும் விடியாது. அது என்றைக்கும் நாளைக்கே உரியது. அவர்களுக்கு அது வினைமுற்று. நமக்குப் படும் பாடு.

அந்தப் ‘படும்’ வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் வாங்கினார்கள். நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. கேட்டது 500, கிடைத்தது குறைவுதான். ஆனால் அன்றைய செய்தியில் ‘கூடும்’ ‘படும்’ இல்லை, ‘வாங்கினார்கள்’ என்று இருந்தது.

எனவே சங்கக் கிளை ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ‘படும்’ என்று முடியும் தலைப்பைக் கத்தரித்து ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதி, சொன்ன மந்திரி அல்லது அதிகாரியின் பதவியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் நோட்டோடு பத்துப் பேர் அந்த அலுவலகத்துக்குப் போங்கள். கோஷம் வேண்டாம். மேசைமேல் விரித்து வைத்து, ஏட்டில் காய்த்த இந்தச் சுரைக்காயைக் கறி வைத்துக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழவேண்டாம்.