உண்மையைத் தேடுபவர்

துப்பறியும் தொடர்களில் பிடித்தது எதுவென்று எவரேனும் வினவினால், நான் தயங்காமல் கூறும் பெயர் ‘பியோம்கேஷ் பக்ஷி’. சரதிந்து பந்தோபாத்யாயின் வங்காளக் கதைகளைப் பாசு சாட்டர்ஜி இயக்க, 1993-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. ஆனந்த சங்கரின் முகப்பிசை ஒலித்ததும் எங்கள் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். மர்மத்தை அறிவிக்க ஆரவாரம் தேவையில்லை என்பதை அவ்விசையே உணர்த்திற்று.

1985-இல் வந்த ‘கரம்சந்த்’தும் சுவையானதே. கேரட்டைக் கடித்தபடி பங்கஜ் கபூர் துப்புத் துலக்கும் அழகை மறக்க இயலாது. எனினும் என் வாக்கு ரஜித் கபூர் நடித்த பியோம்கேஷுக்கே. துப்பறிவாளர் என்னும் பெயரை அவர் விரும்புவதில்லை. ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவர் என்பதே அவர் ஏற்ற பெயர். வேட்டி கட்டிய அம்மனிதர் அவசரப்படுவதில்லை. கேட்பார், மீண்டும் கேட்பார்.

அண்மையில் எங்கள் கிளைக்கு வந்த முதியவர் ஒருவர், தம் வைப்புத்தொகை முழுவதையும் உடனே வேறொரு கணக்கிற்கு மாற்ற வேண்டுமெனப் பதறினார். அவரை அமரவைத்து, “யாருக்கு ஐயா? ஏன் இன்றே?” என்று கேட்டேன். காவல் அதிகாரி எனக் கூறிக்கொண்ட ஒருவன் தொலைபேசியில் மிரட்டியிருந்தான். தொகை தப்பியது. அவசரப்படுத்துவதே மோசடியின் முதல் தடயம். இதை எனக்குக் கற்பித்தது பயிற்சி வகுப்பு மட்டுமன்று, அத்தொடரும்தான்.

விடுமுறையில் குடும்பத்துடன் காண ஒரு படம்: சத்யஜித் ராய் 1974-இல் இயக்கிய ‘சோனார் கெல்லா’. கதையும் இசையும் அவருடையவையே. ஜெய்சல்மேர்க் கோட்டையின் அழகில் மயங்குங்கள். ஆயினும், மருத்துவர் வேடத்தில் இனிக்க இனிக்கப் பேசுபவனையும் கவனியுங்கள். அத்தகையவன் நாளை உங்களையும் தொலைபேசியில் அழைக்கக்கூடும்.