ஒரு சொல்லுக்கு எத்தனை விலை?

உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி தயாரிக்கப்படாத எந்தப் பானமும் தன் பெயரில் "ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கி விற்பனைக்கு வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த பானங்களை மருந்தென நம்பி, வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் புகட்டி வந்ததை எதிர்த்து ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. தாமதமானாலும் சரியான முடிவு. அதே கண்டிப்பை "புரோபயாடிக்' என்ற சொல்லின் மீதும் காட்ட ஆணையம் ஏன் தயங்க வேண்டும்?

உயிருடன் இருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும், அதனால் உடலுக்கு நன்மை விளைய வேண்டும். இப்படிப்பட்ட நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று 2001-ம் ஆண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு இலக்கணம் வகுத்தது. சந்தைக்கு இந்த இலக்கணம் பெரும் சுமை. இந்தியாவில் 2007-லேயே ஐஸ்கிரீமில் ஏறிய அந்தச் சொல், தயிர், பானம், பொடி, மாத்திரை என்று பரவி நிற்கிறது. எந்த நுண்ணுயிரி, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்குத்தான் விளம்பரங்களில் இடமில்லை.

புரோபயாடிக் என்பதே ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒடிசாவின் 149 கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017-ல் "நேச்சர்' இதழில் வெளியானது. அவை தாய்ப்பால் குடிக்கும், இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையுள்ள பச்சிளங் குழந்தைகள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஓர் உள்வகை, அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையுடன் சேர்த்து ஏழு நாள்கள் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில், மருந்தில்லாத பொடி. இரண்டு மாதத்துக்குள் "செப்சிஸ்' எனப்படும் கடும் தொற்றுக்கு ஆளானவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, மருந்தில்லாத பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 5.4 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகள் இரு பிரிவிலும் மிகச் சிலவே என்பதால், குறைந்தது பெரும்பாலும் நோய்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு டாலர் செலவில் கிடைத்த இப்பலன் சாதாரணமானதல்ல.

கொல்கத்தாவில் நடந்த ஆய்வு வேறு கதை. தேசிய காலரா மற்றும் குடல் நோய் ஆய்வு நிறுவனம், குடிசைப் பகுதியைச் சேர்ந்த 3,758 குழந்தைகளிடம் புளித்த பால் பானம் ஒன்றைச் சோதித்தது. நாள்தோறும் 12 வாரங்கள் கொடுத்து, மேலும் 12 வாரங்கள் கண்காணித்ததில், சாதாரண சத்துபானம் குடித்த 674 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. புரோபயாடிக் குடித்தவர்களில் 608 பேருக்கு. பாதுகாப்பு 14 சதவீதம். பலன் உண்மை, ஆனால் மூன்று மாதம் தினமும் ஒரு புட்டி வாங்க வேண்டிய ஏழைத் தாயின் கணக்கில் அது எவ்வளவு பெரிது? செலவை ஏற்றது அந்தப் பானத்தைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கரைசல் பெற்றவர்கள் 60.6 சதவீதம் மட்டுமே என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. எஞ்சிய குழந்தைகளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது அந்தப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும்தான்.

ஓர் உள்வகையின் குணம் மற்றொன்றுக்கும் இருக்கும் என்று கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. வயிற்றுப்போக்குடன் அமெரிக்க, கனடா மருத்துவமனைகளுக்கு வந்த குழந்தைகளுக்குப் புகழ்பெற்ற புரோபயாடிக்குகளைக் கொடுத்துப் பார்த்த இரு பெரிய ஆய்வுகளும் எந்தப் பயனும் இல்லை என்று 2018-ல் அறிவித்தன. ஆண்டிபயாடிக் உட்கொள்ளும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் சில வகைகளுக்கு நல்ல சான்று உண்டு. குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் நன்மைக்கும் சான்றிருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒரு மரணத்தை அடுத்து 2023-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரே சொல்லில் மூடி விற்பதை வணிகத் திறமை என்று பாராட்டலாம். மருத்துவம் என்று சொல்ல முடியாது.

நம் வீட்டுத் தயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் எந்தப் பாக்டீரியா, எத்தனை என்பது யாருக்கும் தெரியாததால் இலக்கணப்படி அது புரோபயாடிக் அல்ல. நல்ல உணவாக இருக்க அதற்கு அந்தப் பட்டம் தேவையுமில்லை.

வழிகாட்டுதல் இல்லை என்று மத்திய அரசு கைவிரிக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-லேயே நெறிமுறைகளை வெளியிட்டன. உள்வகைப் பெயர், காலாவதி நாளில் எஞ்சியிருக்கும் உயிருள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவை உறையில் இருக்க வேண்டும், பலன் மனிதர்களிடம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று அவை கூறின. அவை வெறும் நெறிமுறைகள். சட்ட வலுவுடன் வந்த 2016-ம் ஆண்டு விதிகள் நாளொன்றுக்கு 10 கோடி நுண்ணுயிரிகள் என்று அளவு நிர்ணயித்தன. ஆனால் அவற்றின் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் இனப்பெயர்களே. உள்வகை தெரியாமல் இனத்தை மட்டும் சொல்வது, ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக் கடிதம் அனுப்புவது போன்றது. தொழிற்சாலையில் அடைக்கப்பட்ட 10 கோடியில் எத்தனை, மே மாதத்துத் தில்லி வெயிலில் குளிரூட்டி இல்லாத வண்டியில் வந்திறங்கிய பிறகும் உயிரோடிருக்கின்றன என்பதையும் யாராவது எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

எண்ண வேண்டியவர்கள் ஆணையத்தின் ஆய்வகத்தினர். கடைகளிலிருந்து மாதிரிகளை எடுத்து, உறையில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டு, நிறுவனத்தின் பெயருடன் முடிவுகளை வெளியிட வேண்டும். மனிதர்களிடம் நடத்திய ஆய்வைக் காட்ட முடியாத பொருளின் உறையிலிருந்து அந்தச் சொல்லை நீக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் பயன்படுத்திய அதிகாரமே இதற்கும் போதும். புதிய சட்டத்துக்காக நாடாளுமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதில்லை.