கோடையில் பூங்காக் கதவுகள் திறந்திருக்கட்டும்

தில்லியில் கோடை விடுமுறை என்றாலே பெற்றோருக்குக் கவலைதான். 2024 மே மாதத்தில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பகலில் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்ல இயலாது. அதிகாலையும் இரவும்தான் எஞ்சுகின்றன. கோடை இரவுகளில் இந்தியா கேட் பகுதியில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவது இதனால்தான்.

1936-ல் திறக்கப்பட்ட லோதி தோட்டத்தின் மரநிழலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், புறநகரில் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்களால் கைக்குழந்தையுடன் பேருந்து மாறி அங்கு வர இயலுமா?

அவர்களுக்குத் தேவை, வீட்டருகே ஒரு சிறு பூங்கா. கோடைக்காலத்தில் மட்டுமாவது அத்தகைய பூங்காக்களை இரவு 10 மணி வரை திறந்துவைத்து, விளக்கு, குடிநீர், காவலாளி ஆகிய வசதிகளை மாநகராட்சி அளிக்க வேண்டும். புல்வெளி பாழாகும் என்று குழந்தைகளைத் தடுக்க வேண்டியதில்லை. மிதிபட்ட புல் மழைக்காலத்தில் மீண்டும் முளைத்துவிடும்.