துருகம் சாலைக்கு எந்த ஹேக்கர் வரப் போகிறான்?

நெட்வொர்க்கில் மாட்டிய பிரின்டர், சிசிடிவி பெட்டி இவற்றின் பாதுகாப்பைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் யாரிடம் பேச்செடுத்தாலும் வரும் பதில் ஒன்றுதான்: "துருகம் சாலையில் இருக்கிற ஜெராக்ஸ் கடையை எவன் சார் தேடி வரப் போறான்?" அதை விட்டால், பிரின்டரில் திருட ஒன்றுமில்லை, ஐபி வெளியே தெரியாது, பாஸ்வேர்டு இருக்கிறது, அப்டேட் போட்டால் மெஷின் படுத்துவிடும் என்பார்கள். கடைசியில் சொல்வதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

ஆள் யாரும் தேடி வருவதில்லை. இணைய முகவரிகளை இரவும் பகலும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவை நிரல்கள். திறந்திருப்பது எந்த ஊர்க் கதவு என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. 2016-இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் இப்படித்தான் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று, தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறின. அது எங்கோ அமெரிக்காவில் என்பவர்கள் 2017 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று கிடந்தவை அவை. அந்த வீடுகளையும் கடைகளையும் யார் தேடிப் போனார்கள்?

"அதில் என்ன இருக்கு?" என்ற கேள்விதான் எனக்கு எரிச்சல் தருவது. உங்கள் பிரின்டரின் ஐபி எண்ணை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். டோனர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஒரு பக்கம் சாதுவாகத் திறக்கும். உள்ளே போனால் முகவரிப் பட்டியல், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும் அமைப்பு, அந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்டு. பல மாடல்களில் அச்சிட்ட ஃபைல்களின் பெயர்கள்கூட இருக்கும். பெரிய நகல் மெஷின்களில் ஹார்ட் டிஸ்க்கும் உண்டு. வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ பஸ் பிடித்து இறங்கி வருகிறவர், பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்காக நீட்டும் கட்டில் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பழங்குடிச் சாதிச் சான்று எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு குடும்பத்தின் மொத்த அடையாளமும் அந்தக் கண்ணாடி மேல் ஐந்து நிமிடம் படுத்து எழுகிறது. ஒன்றுமில்லையாம்!

மெயில் பாஸ்வேர்டு திரையில் வெறும் புள்ளிகளாகத்தானே தெரிகிறது என்பார்கள். ஜெராக்ஸ் கம்பெனியின் வெர்சாலிங்க் மெஷின்களில் இருந்த ஓட்டையை 2025 பிப்ரவரியில் ரேபிட்7 நிறுவனம் வெளியிட்டது. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தவர் பாஸ்வேர்டைப் படிக்கவே வேண்டாம். சர்வர் முகவரியை மட்டும் தன் கணினிக்கு மாற்றினால் போதும். பிரின்டரே கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

192.168 என்று தொடங்கும் எண் வெளியே தெரியாது என்பது சரி. ஆனால் கடைக் கம்ப்யூட்டரின் பிரவுசர் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறது? ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தேடிக் கண்ட தளத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிரல் அதே பிரவுசர் வழியாகப் பிரின்டருக்கு உத்தரவு போடலாம். இப்படி ஒரு வழி 150-க்கும் மேற்பட்ட ஹெச்பி மாடல்களில் இருந்ததை எஃப்-செக்யூர் ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். போதாததற்கு, கேமரா மாட்ட வந்தவர் "செல்லிலேயே பார்க்கலாம் சார்" என்று மோடத்தில் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போயிருப்பார்.

பாஸ்வேர்டு இருக்கிறதா? யார் வைத்தது என்று கேளுங்கள். பிரதர் கம்பெனியின் 689 மாடல்களில், ஆலையில் வைக்கும் அட்மின் பாஸ்வேர்டு சீரியல் நம்பரிலிருந்தே கணக்கிடப்படுகிறது என்பது 2025 ஜூனில் அம்பலமானது. உள்ளே நுழையாமலே சீரியல் நம்பரைக் கேட்டு வாங்கவும் ஒரு வழி இருந்தது. விற்றுப்போன மெஷின்களில் இதை அப்டேட்டால் முழுதாகச் சரிசெய்ய முடியாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டை நாம்தான் மாற்ற வேண்டும்.

அப்டேட் பயத்துக்கு வருவோம். அப்டேட் போட்ட மறுநாள் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜை மெஷின் ஏற்க மறுத்த கதையை ஹெச்பி வைத்திருப்பவர்களிடம் கேட்கலாம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கும் கடைக்காரர் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகுமா? பாதுகாப்பையும் வியாபாரத்தையும் ஒரே ஃபைலில் கட்டி அனுப்புவது கம்பெனிகளின் குற்றம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் பாஸ்வேர்டை மாற்ற எந்த அப்டேட்டும் வேண்டாம். மோடத்தில் திறந்த போர்ட்டை மூடவும் அப்டேட் தேவையில்லை.

தாலுகா ஆபீஸானாலும் இ-சேவை மையமானாலும், மெஷினை இறக்கி வைப்பவர் ஒரு டெஸ்ட் பிரின்ட் எடுத்துக் காட்டிவிட்டு இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டை நீட்டுவார். முதலில் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். கையெழுத்தைப் பிறகு போடலாம்.