டிரைவருக்குப் படுக்க ஓர் இடம்



ஐரோப்பாவில் லாரியோடு கப்பலில் கடல் கடக்கும் டிரைவரின் ஓய்வுக்கும் சட்டம் உண்டு. வண்டியை ஏற்றி இறக்க அவரை இரண்டு முறை எழுப்பலாம். அதுவும் மொத்தம் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. படுக்கை கட்டாயம்.

நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை என்று இருந்தது. இரவு தங்கும் இடத்தில் ஓய்வறையும் தர வேண்டியிருந்தது. ஆனால் ஓய்வறை தரும் கடமை, 5 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் இருந்தது.

நம் பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களே அதிகம். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையோரம் டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்குகிறார்கள்.

லாரி வைத்திருக்கும் என் பிள்ளைகளே, வாடகை பேசும்போதே டிரைவர் படுக்கும் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். கண் அசந்தால் போவது சரக்கு மட்டுமல்ல.