ராத்திரி டியூட்டியில் கூட யார் இருப்பாங்க?

எதிர் வீட்டுப் பெண் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, கவுன்சிலில் பெயரையும் பதிவு செய்துவிட்டாள். கையில் இரண்டு வேலை. தெருமுனையிலேயே முப்பது படுக்கை உள்ள நர்ஸிங் ஹோம் ஒன்று. பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தெருமுனையில் மூவாயிரம் ரூபாய் கூடுதல். "இதுல யோசிக்க என்ன இருக்கு? நடந்தே போயிடலாம், சம்பளமும் ஜாஸ்தி!" என்றார் அவள் அப்பா.

முப்பது வருடம் வார்டில் நின்றவள் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். "ராத்திரியில எத்தனை பேஷன்ட்டுக்கு எத்தனை நர்ஸுன்னு கேட்டியாம்மா?" என்றேன்.

"அதெல்லாம் கேட்டா வேலை தருவாங்களா ஆன்ட்டி?"

சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதே அதுதான். புதிதாக வருகிற பெண்ணுக்குப் பாடம் தெரியும், கை பழகியிருக்காது. இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. சிரிஞ்சும் தனித்தனி. 40-க்கான சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அளந்து எடுத்துவிட்டால், நோயாளிக்கு இரண்டரை மடங்கு போய்விடும். ராத்திரி இரண்டு மணி, தூக்கக் கலக்கம், நாலு பெட்டிலிருந்து ஒரே சமயத்தில் பெல்... பக்கத்தில் ஒரு சீனியர் இருந்தால் "கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்று நீட்டிவிடலாம். யாரும் இல்லையென்றால்? தப்பு நடந்தால் பழி அந்தச் சின்னப் பெண் தலையில்தான் விடியும். அதனால் முதல் சில வாரம் சீனியரோடு சேர்த்துப் போடுவார்களா, ராத்திரி டாக்டர் உள்ளேயே தங்குவாரா, போனில் மட்டும்தானா என்று கேட்டே ஆக வேண்டும்.

சின்ன நர்ஸிங் ஹோம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஹெட் சிஸ்டர் ஒருத்தர் இருந்தால், பெரிய இடத்தைவிட அங்கே தொழில் நன்றாகவே பழகும்.

சம்பள விஷயமும் தெரிந்திருக்கட்டும். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-லேயே பரிந்துரை செய்தது. பல இடங்களில் அது காகிதத்தோடு சரி. இருந்தாலும் பேசும்போது அந்த எண் நாக்கில் இருப்பது நல்லது.

இன்னொன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரிஜினல் சர்டிபிகேட்! சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அங்கே விட்டுவிட்டு மட்டும் வரக்கூடாது. என்னிடம் வேலை பழகிய ஒரு பெண், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டு ஒரிஜினலையும் கொடுத்துவிட்டாள். நல்ல வேலைக்கு அழைப்பு வந்தபோது சர்டிபிகேட் அலுவலக பீரோவுக்குள். "பணத்தைக் கட்டு, எடுத்துக்கோ" என்றார்கள். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

எதிர் வீட்டுப் பெண் மறுநாளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ராத்திரிக்கு நீதாம்மா. துணைக்கு ஆயா இருப்பா" என்றார்களாம்.

இப்போது காலை ஆறு மணி பஸ்ஸில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். அவள் அப்பாவுக்குத்தான் மூவாயிரம் போச்சே என்று இன்னும் ஆறவில்லை.